அருவிக்குப் போகும் முன் மலையைப் பாருங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு இடங்கள்தாம். ஒன்று கடற்கரை, மற்றொன்று அருவி. உறவினர் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்குப் பேசுகிறோம். விடியற்காலையிலேயே புளிச்சோறு கிண்டி, கோழிப் பிரட்டல் செய்து, பாய், துண்டு, டயர் டியூப் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறோம். மாதம் முழுவதும் பால்மரத்தோடும் செம்பனைக் குலையோடும் மல்லுக்கட்டிய உடம்பில் குளிர்ந்த நீர் விழுகிற சுகத்துக்கு ஈடாக வேறென்ன இருக்கிறது? பெரிய செலவும் இல்லை. பிள்ளைகளும் மகிழ்கிறார்கள்.

ஆகவே, இன்றைய உரைக்கு இந்த அருவிப் பயணத்தையே பொருளாக எடுத்துக்கொண்டோம். நம் நாட்டில் எங்கெங்கே நல்ல அருவிகள் உள்ளன, அவை எப்படி உண்டாயின, அங்கே போகும் குடும்பம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். தீபகற்ப மலேசியாவின் நடுவே முதுகெலும்புபோல் வடக்கு தெற்காக நிற்பது தித்திவாங்சா மலைத்தொடர். இதன் இரு பக்கங்களிலும் அருவிகளுக்குக் குறைவில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், வளைவுகள் பலவற்றைக் கடந்ததும் சாலை ஓரத்திலேயே விழுவது லாத்தா இஸ்கந்தார். அதே வட்டாரத்தில், செண்டெரியாங் அருகே இருப்பது லாத்தா கிஞ்சாங். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போதே மலைமீது வெள்ளைத் துணி விரித்ததுபோல் அது தெரியும். சிலாங்கூரில் ரவாங் பக்கம் ஏழு தட்டுகளாக இறங்கும் காஞ்சிங் அருவி இருக்கிறது. ஹூலு லங்காட்டில் சுங்கை காபாய் இருக்கிறது. ஜொகூர்க்காரர்களுக்குக் கோத்தா திங்கி அருவி தெரிந்த இடம். கிழக்கே திரெங்கானுவில் செக்காயு, கிளந்தானில் ஸ்தோங் மலையிலிருந்து இறங்கும் ஜெலாவாங், லங்காவித் தீவில் ஏழு பாறைக் குளங்களால் பெயர் பெற்ற தெலாகா துஜோ ஆகியவையும் புகழ் பெற்றவை.

நம் சமூகத்தார் அனைவருக்கும் தெரிந்த ஓர் இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தைப்பூசத்தின்போது காவடி ஏறும் பினாங்குத் தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பக்கத்தில் அருவி இருப்பதால்தான். கோயில் இருக்கும் சாலையையும் அருவிச் சாலை என்றே அழைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுன் நகரத்தார் குடித்தது அந்த அருவியின் நீரைத்தான். குளிப்பதற்கு மட்டும் பயன்படுவது அருவி என்று எண்ணிவிடக் கூடாது. ஊருக்கே குடிநீர் தருவதும் அதுவே.

மலாய்க்காரர்கள் இந்த இடங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்தால் அவற்றிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கும். 'ஆயர் தெர்ஜுன்' என்றால் குதிக்கும் நீர். 'லாத்தா' என்றால் பாறைப் படிகளில் வழிந்து இறங்கும் அருவி. 'ஜெராம்' என்பது பாறைகளுக்கு இடையே நுரைத்து ஓடும் வேகமான ஆறு. 'லுபோக்' என்பது ஆழமான மடு. 'உலு' என்றால் ஆற்றின் மேல்பகுதி. அறிவிப்புப் பலகையில் 'லுபோக்' என்ற சொல் இருந்தால், அங்கே ஆழம் இருக்கிறது என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் நமக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமாரும் அதைத்தானே சொன்னார்கள்!

இனி, அருவி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். தித்திவாங்சா மலைகள் பெரும்பாலும் கருங்கல் வகையைச் சேர்ந்த கடினமான பாறையால் ஆனவை. ஆறு ஓடும் வழியில் எல்லா இடத்திலும் பாறை ஒரே உறுதியுடன் இருப்பதில்லை. வெடிப்பும் பலவீனமும் உள்ள இடத்தை நீர் விரைவில் அரித்துவிடும். உறுதியான பாறை அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே படி ஒன்று உண்டாகும். அந்தப் படியில் நீர் விழும்போது கூடவே மணலையும் கூழாங்கற்களையும் கொண்டு வந்து அடிவாரத்தைக் குடையும். பல்லாயிரம் ஆண்டுகள் இப்படிக் குடைந்து குடைந்துதான் அருவியின் அடியில் மடு உண்டாகிறது. மேலே பார்த்தால் அமைதியான பச்சை நீர். கீழே குடைவும் பாறை இடுக்கும் சிக்கிய மரக்கட்டையும் இருக்கும். உயரத்திலிருந்து மடுவில் தலைகீழாகக் குதிப்பதை ஏன் தடுக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

நேயர்களே, மடுவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீரின் தலை என்று பொருள். பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல, ஆறு திடீரென்று தலை தூக்கி வருவதால் இந்தப் பெயர் மிகவும் பொருந்துகிறது. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் சில கிலோமீட்டர் மேலே, மலை முகட்டில் பெருமழை கொட்டியிருக்கும். அந்த நீர் முழுவதும் ஒன்றுதிரண்டு சில நிமிடங்களில் நம் தலைக்கு மேல் வந்து நிற்கும்.

இது எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளும் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு இடிமழைக்கு இது பெரிய அளவே இல்லை. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 40 லிட்டர், அதாவது மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளந்தால் இரண்டு தகரத்துக்கு மேல் நீர் விழும். அருவிக்கு நீர் தரும் மலைப் பகுதியின் பரப்பு 5 சதுர கிலோமீட்டர் என்றால், மொத்தம் 200 மில்லியன் லிட்டர். பாதியைக் காடும் மண்ணும் குடித்துவிட்டாலும், மீதி 100 மில்லியன் லிட்டர். எடையில் சொன்னால் ஒரு லட்சம் டன். இவ்வளவும் எந்த வழியாகப் போக வேண்டும்? நம் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடும் அந்தக் குறுகிய பாறை இடுக்கின் வழியாகத்தான்.

இன்னொரு வகையிலும் நீர் தலை தூக்கும். தோட்டத்து வாய்க்காலில் காய்ந்த மட்டையும் சருகும் அடைத்துக்கொண்டு நீர் தேங்கி நிற்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். மண்வெட்டியால் அடைப்பை இழுத்துவிட்டால் என்ன ஆகிறது? தேங்கிய நீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. மலையிலும் இதே கதைதான். சரிந்த மண்ணும் விழுந்த மரங்களும் ஆற்றை அடைத்து, பின்னால் நீர் குளம்போல் சேர்ந்து, அடைப்பு உடையும்போது கல்லும் கட்டையும் சேறும் கலந்து இறங்கும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி, பேராக் மாநிலம் கம்பார் அருகேயுள்ள போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தை இப்படிப்பட்ட சேற்று வெள்ளம் அடித்துச் சென்றது. 44 பேர் மாண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 1995 ஜூன் 30ஆம் தேதி, கெந்திங் மலைக்குப் பிரியும் சாலையில் போய்க்கொண்டிருந்த வாகனங்கள்மீது மலையிலிருந்து மண்ணும் மரமும் கலந்த வெள்ளம் இறங்கி, இருபது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த கெடாவில், ஜெராய் மலையிலிருந்து 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி இறங்கிய நீர் யான் வட்டாரத்து வீடுகளுக்குள்ளேயே புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஊருக்குள் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அருவியின் அடியில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டாம். அருவிக்கே போகக் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நீரின் தலை தூக்குவதற்கு முன்பே அடையாளம் காட்டிவிடும். அதைக் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும்.

வீட்டிலிருந்து புறப்படும்போதே கவனம் தொடங்க வேண்டும். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் கிழக்குக் கரை அருவிகளைத் தவிர்ப்பதே நல்லது. மற்றக் காலத்தில், காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அருவியில் இருப்பதுபோல் புறப்படுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் நீரில் இறங்க வேண்டாம். மலைமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்கிறது. அதிகாலையில் எழுந்து பழகிய நமக்கு இது ஒன்றும் கடினமல்ல. முதல் நாள் இரவே வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இடம் சேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எது? தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்த மலை முகட்டைப் பாருங்கள். அங்கே கருமேகம் கவிந்திருக்கிறதா? இடி முழங்குகிறதா? பிறகு, அங்கே கடை வைத்திருப்பவரிடமோ காவலரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, நேற்று மேலே மழை பெய்ததா?" என்று கேட்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வானம் பார்த்து வேலைக்கு இறங்கும் நமக்கு, மலை பார்த்து நீரில் இறங்குவதும் பழகிவிடும்.

அடுத்து ஓர் எளிய உபாயம். நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அல்லது நீர் தொடும் மட்டத்தில் ஒரு பாறையில் கரித்துண்டால் கோடு போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கோடு நீரில் மறைந்துவிட்டால் உடனே கரையேற வேண்டும். பாயை விரிக்கும் இடமும் முக்கியம். ஆற்றின் நடுவேயுள்ள பெரிய பாறையிலும் மணல் திட்டிலும் விரிக்காதீர்கள். கரையிலிருந்து உயரமான இடத்தில், ஏறிப்போக வழி உள்ள பக்கத்தில் விரியுங்கள். வேன் நிறுத்தியிருக்கும் கரைக்கு எதிர்க்கரையில் தங்குவதும் தவறு. நீர் உயர்ந்துவிட்டால் திரும்பி வர வழியில்லாமல் போகும்.

பெரியவர்களில் ஒருவர் குளிக்காமல் கரையில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருவராக முறை மாறிக்கொள்ளலாம். அவருக்குச் சமையலோ சீட்டாட்டமோ கைத்தொலைபேசியோ வேண்டாம். பிள்ளைகளை எண்ணுவதும் மலையையும் நீரையும் பார்ப்பதுந்தான் அவர் வேலை. அவர் கையில் ஒரு விசில் இருந்தால் மிகவும் நல்லது. அருவி இரைச்சலில் மனிதக் குரல் எட்டாது, விசில் எட்டும். விசில் கேட்டால் கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

அவர் கவனிக்க வேண்டிய அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கித் தேநீர் நிறமாக மாறுவது ஒன்று. காய்ந்த இலையும் சுள்ளியும் கட்டையும் அதிகமாக மிதந்து வருவது இரண்டு. அருவியின் ஓசை உரத்துப் பெருகுவது மூன்று. நட்ட குச்சி மறைவது நான்கு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். நான்கும் சேரட்டும் என்று காத்திருப்பவருக்கு ஓட நேரம் இருக்காது. ஓடும்போதும் ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். நீர் நம்மைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேட்டின்மீது ஏறுங்கள். பாய் போகட்டும், செருப்பு போகட்டும், சோற்றுப் பாத்திரமும் போகட்டும். அவற்றை எடுக்க யாரும் திரும்ப வேண்டாம்.

ஒருவேளை யாராவது நடுப்பாறையில் சிக்கிக்கொண்டால், பாறை நீருக்கு மேல் நிற்கும்வரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். அவர் நீரைக் கடக்க முயல வேண்டாம். முழங்காலளவு நீரே வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும். உடனே 999 என்ற எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழையுங்கள். மலை இடுக்கில் தொலைபேசி வேலை செய்யாமல் போகலாம். ஆகையால் எந்த இடத்தில் தொடர்பு கிடைக்கிறது என்பதைப் போகும் வழியிலேயே பார்த்து வைப்பது நலம்.

நீரில் ஒருவர் தத்தளித்தால் என்ன செய்வது? பதற்றத்தில் உடன்பிறந்தவர், அதன்பின் தகப்பனார் என்று ஒருவர் பின் ஒருவராகக் குதித்து, ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவதும் உண்டு. மூழ்குகிறவர் தம்மைத் தொட வருபவரைப் பற்றி அழுத்துவார். அது அவர் குற்றமன்று, உயிரச்சம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அருவியின் அடியில் நீச்சல் கைகொடுக்காது. அங்குள்ள நுரைநீரில் காற்றுக்குமிழி கலந்திருப்பதால் அது உடம்பைத் தாங்குவதில்லை. எனவே, நீரில் இறங்காமல் கரையிலிருந்தே எதையாவது எறியுங்கள்: கயிறு கட்டிய டயர் டியூப், மூடி இறுக்கிய காலித் தோம்பு, மிதக்கும் எதுவானாலும் சரி. நீண்ட கம்போ முடிச்சுப் போட்ட சேலையோ இருந்தால் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். வேனில் பதினைந்து மீட்டர் கயிறு ஒன்றை எப்போதும் போட்டு வைத்திருங்கள்.

மது அருந்திவிட்டு நீரில் இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போதையில் பாறை வழுக்குவது தெரியாது. பிள்ளை காணாமல் போனதும் தெரியாது. அன்று ஒரு நாள் புட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று அண்ணன் தம்பிகளைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

சாப்பிட்ட பிறகு எச்சில் இலையையும் எலும்பையும் பாறை இடுக்கில் எறியாதீர்கள். அவற்றைத் தேடி எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் உடம்பிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் கண், வாய் வழியாகவும் நோய்க்கிருமியைப் புகுத்தும். எலிக்காய்ச்சல் என்பது இதுதான். 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலம் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களுள் சிலர், இக்காய்ச்சலும் மண்ணிலிருந்து தொற்றும் வேறொரு நோயும் கண்டு இறந்தனர். அருவிக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கிடக்காதீர்கள். மருந்தகத்துக்குப் போய், "ஆற்றில் குளித்தோம்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். காலத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும் நோய் அது.

இறுதியாக ஒன்று. "இந்த அருவி ஆண்டுக்கு ஓர் ஆளைக் கேட்கும்" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். அருவி யாரையும் கேட்பதில்லை. மேலே மழை பெய்தால் கீழே நீர் வரும், அவ்வளவுதான். விதி என்று சொல்லிவிட்டால், நாம் கவனிக்காமல் விட்டது எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த குடும்பமும் அதே பாறையில் பாய் விரிக்கும்.

உண்மையில் நம்மை அங்கே கட்டிப்போடுவது வேறொன்று. வேன் வாடகை கொடுத்தாயிற்று. கிடைத்ததே ஒரு நாள் விடுப்பு. பிள்ளைகள் எத்தனையோ நாளாகக் காத்திருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மலையில் மேகம் இருக்கிறது என்பதற்காகக் குளிக்காமல் திரும்புவதா? இந்த எண்ணம் எல்லாருக்கும் வரும். ஆண்டுக்கு ஒருமுறை வெளியே போகும் ஏழைக் குடும்பத்துக்கு இன்னும் அதிகமாகவே வரும். அதனால்தான் புறப்படும்போதே இரண்டாவது இடம் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். மழைக் குறி தெரிந்தால் கோயிலுக்குப் போகலாம், பட்டணத்துப் பூங்காவில் கட்டுச்சோற்றைச் சாப்பிடலாம், உறவினர் வீட்டில் தங்கிப் பேசலாம் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், திரும்பி வருவது அவர்களுக்கும் ஏமாற்றமாக இராது. பாதி வழியில் திரும்பிய தகப்பனைப் பிள்ளைகள் இரண்டு நாள் கோபித்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அவர்கள் வழக்கம்போல் பள்ளிக்கு வருவார்கள். வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது எல்லாப் பெயருக்கும் "வந்தேன் ஐயா" என்று பதில் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசிரியர்களாகிய எங்கள் ஆசை.

விடுமுறைக்கு அருவிக்குப் போங்கள், குளித்து மகிழுங்கள். போகும் முன் மலையைப் பாருங்கள். விழுந்த நீர் நாளைக்கும் விழும். நாமும் நாளைக்கு வரலாம்.